டென்த் போற ஹோம்ஸ்கூல் பையனுக்கு வெளில ரைட்டிங் கோர்ஸ்: எதப் பாத்து பணம் கட்டறது?

நீங்க கேட்டத மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன். டெக்ஸாஸ்ல இருக்கீங்க, பையன ஆறாவதுலேர்ந்து வீட்ல வெச்சே படிக்க வெக்கறீங்க, ஆகஸ்ட்ல டென்த் கிரேடு. மேத்ஸ்ல வயசுக்கு மீறி முன்னாடி போயிட்டான், எஸ்ஸேன்னு வாயெடுத்தா மட்டும் வீட்ல சண்ட, அழுக, ரூம் கதவ சாத்திக்கறது. அதனால ரைட்டிங்க மட்டும் வெளில குடுத்துடலாம்னு முடிவு பண்ணி மூணு வழி பாத்து வெச்சிருக்கீங்க. வீடியோ பாத்து தானா பண்ற கோர்ஸ், வருஷம் பூரா வாரம் ஒரு நாள் ஜூம்ல நடக்கற லைவ் கிளாஸ், இல்லன்னா பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் கிரெடிட், அதாவது ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேத்தே கணக்காகற கோர்ஸ். இதுல எது பெஸ்ட்னு கேக்கறீங்க.

நானும் டெக்ஸாஸ்தாங்க. ரெண்டு பிள்ளைங்களையும் வீட்லயே படிக்க வெச்சேன், பொண்ணு இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், பையன் லெவன்த். ஆறு வருஷமா ஒரு கம்யூனிட்டி காலேஜ் ரைட்டிங் சென்டர்ல பார்ட் டைமா ட்யூட்டரா இருக்கேன், அதனால வீட்டு பக்கமும் தெரியும், வீட்லேர்ந்து காலேஜுக்கு வர பிள்ளைங்க எங்க தடுமாறுதுங்கன்னும் தினம் பாக்கறேன். எந்த கோர்ஸ்ங்கறத கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. உங்க பையன் எழுதினத யார் படிக்கறாங்க, படிச்சிட்டு என்ன எழுதி திருப்பி அனுப்பறாங்க, அத வெச்சு அவன் மறுபடி எழுதறானா. நீங்க பணம் கட்டறது இதுக்குத்தான், வீடியோ, ஒர்க்புக், போர்ட்டல் எல்லாம் கூட வர சாமான்.

இத நான் ஒரு வருஷம் போனப்பறம்தான் கத்துக்கிட்டேன். பொண்ணு நைன்த் படிக்கும்போது ஒரு ஆன்லைன் இடத்துல சேத்தேன், பேர் வேண்டாம். வெப்சைட் பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும், 30 வாரம், வாரம் ஒரு அசைன்மென்ட், வெள்ளிக்கிழம அனுப்பினா செவ்வாக்கிழம கிரேடு வந்துடும். வர கமெண்ட் என்னன்னா, ரொம்ப நல்லா எழுதியிருக்க, கமா மட்டும் கவனி, 94. அடுத்த வாரம் அருமையான முயற்சி, 95. எனக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். மார்ச் மாசம் டிரான்ஸ்கிரிப்ட்டுக்காக, அதான் காலேஜுக்கு அனுப்பற மார்க் பட்டியலுக்காக, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து டைனிங் டேபிள்ல பரப்பி வெச்சேன், செப்டம்பர்ல எழுதினதும் மார்ச்ல எழுதினதும் அச்சு ஒண்ணா இருந்துச்சு. முதல் பாராவுல ஒரு கேள்வி, அப்பறம் மூணு காரணம், கடைசி பாராவுல மேல சொன்னதே திரும்ப. ஏழு மாசத்துல அவ எழுத்து ஒரு அடி நகரல, நான் கிரேட மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன். அன்னிக்கி ராத்திரி எனக்கு தூக்கமே வரல, ஏன்னா அவ வாராவாரம் ஒழுங்கா உக்காந்து எழுதியிருந்தா, அவ மேல ஒரு தப்பும் இல்ல.

பையனுக்கு எய்த் கிரேடு கோடைல வேற மாதிரி தேடினேன். ஒரு ரிட்டயர்டு ஹைஸ்கூல் டீச்சர், எட்டே பசங்க, 12 வாரம், மொத்தமே நாலு எஸ்ஸேதான், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு டிராஃப்ட். நாலுதானான்னு எனக்கே முதல்ல மனசு ஒப்பல. உங்க ஊர்ல இருக்கற ஒரு ரூல எடுத்துக்கோ, அது சரியா தப்பான்னு வாதம் பண்ணுன்னு முதல் எஸ்ஸே. எங்க ஊர்ல கோடைல வாரத்துல ரெண்டு நாள்தான் புல்லுக்கு தண்ணி விடலாம், அதுவும் காலைல 10 மணிலேர்ந்து சாயந்தரம் 6 வரைக்கும் கூடாது, அத எடுத்துக்கிட்டான். அவன் முதல் வரி, தண்ணி உலகத்துல எல்லா உயிருக்கும் ரொம்ப முக்கியம்னு ஆரம்பிச்சுது. அந்த டீச்சர் ஒரு கமாவக் கூட தொடல. முதல் வரி பக்கத்துல, இத யாராவது இல்லன்னு சொல்வாங்களா, யாரும் சொல்லமாட்டாங்கன்னா நீ ஏன் சொல்லணும்னு கேட்டிருந்தாங்க. ஜனங்க நிறைய தண்ணிய வீணாக்கறாங்கன்னு ஒரு எடத்துல எழுதியிருந்தான், அங்க, யாரு, எங்க, நீ பாத்தியான்னு மூணே கேள்வி. கீழ கடைசில, உன் கருத்து என்னன்னு எனக்கு கடைசி பாராவுலதான் தெரிஞ்சுது, அத முதல்ல கொண்டு வந்து மறுபடி எழுதுன்னு இருந்துச்சு.

ஒரு நாள் பூரா கோவமா இருந்தான். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த வெயில்ல சைக்கிள எடுத்துக்கிட்டு போனான், அரை மணி நேரத்துல மூஞ்சி செவந்து திரும்பி வந்து, அம்மா அந்த ஆபீஸ் பில்டிங் புல்லுல ஸ்பிரிங்க்ளர் ஓடுது, ஒண்ணு ஒடஞ்சு ரோட்ல பீச்சி அடிக்குது, தண்ணி நேரா டிரெய்னேஜ்ல போகுதுன்னான். ரெண்டாவது டிராஃப்ட் அந்த ஒடஞ்ச ஸ்பிரிங்க்ளர்லேர்ந்து ஆரம்பிச்சுது, வீட்டுக்காரங்கள மட்டும் கண்காணிச்சா பத்தாதுங்கறது அவன் வாதம். எல்லாம் சேத்து அந்த டீச்சர் எழுதினது ஆறு கமெண்ட்தான் இருக்கும். நான் ஒரு வருஷத்துல 30 அசைன்மென்ட்டுக்கு பணம் கட்டி வாங்காதது அந்த ஆறு கமெண்ட்ல கெடச்சுது.

இத நாமளே வீட்ல பண்ணக்கூடாதான்னு தோணும். பண்ணலாம், ஆனா நாம வளந்த விதம் ஒண்ணு குறுக்க நிக்குது. நம்மள்ல நிறைய பேர் கட்டுரைன்னா முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, ஆரம்பத்துல ஒரு குறள், நடுவுல ஒரு பாரதியார் வரி, இப்படித்தான எழுதினோம், இங்கிலிஷ் செகண்ட் பேப்பர்ல வந்த ஜெனரல் எஸ்ஸே கூட நோட்ஸ்ல இருந்தத மனப்பாடம் பண்ணி எழுதினதுதான். அதுல கெடச்ச சொல்வளம் இன்னிக்கும் கூட வருது, அத நான் கொறையா சொல்லல. ஆனா உன் கருத்து என்ன, அத எதிர்க்கறவன் என்ன சொல்வான், அவனுக்கு உன் பதில் என்னன்னு என்ன யாரும் கேட்டதில்ல. அமெரிக்கால காலேஜ் முதல் வருஷத்துல கேக்கறது முழுக்க அதத்தான். அதனால நம்ம கையில சிவப்பு பேனா வந்தா ஸ்பெல்லிங்கும் கிராமரும்தான் கண்ணுக்கு தெரியும், வாதத்துல இருக்கற ஓட்ட தெரியாது. அது போக, 15 வயசு பையனுக்கு அம்மா சொன்னா திட்டற மாதிரி இருக்கும், அதையே வெளியாள் சொன்னா பாடமா இருக்கும். நீங்க வெளில குடுக்கணும்னு நெனச்சது சரியான முடிவு, அதுல குத்த உணர்ச்சியே வேண்டாம்.

இப்ப மூணு வழிக்கு வரேன். தானா பண்ற வீடியோ கோர்ஸ்ல, நல்ல கோர்ஸாவே இருந்தாலும், அனேகமா எழுதினத திருத்தறது நீங்கதான். உதாரணத்துக்கு ஆண்ட்ரூ புடேவாவோட ஐஇடபிள்யூங்கற ரைட்டிங் கோர்ஸ பாத்திருப்பீங்க, ஒரு பத்திய படிச்சு முக்கியமான வார்த்தைங்கள மட்டும் குறிச்சு, அத வெச்சு சொந்தமா திரும்ப எழுதறதுன்னு படிப்படியா போகும். வெள்ள பேப்பரப் பாத்தா கையே ஓடாத பிள்ளைக்கு அது ஒரு பிடி. உங்க பையன் பிரச்சன அதுவா, இல்ல எழுதினத நீங்க தொட்டா வர சண்டையான்னு யோசிச்சு பாருங்க. சண்டைன்னா இந்த வழில அது அப்படியே இருக்கும், திருத்தற வேல திரும்ப உங்க மேலதான வந்து விழுது.

லைவ் கிளாஸ்ல ஏமாற ஒரு இடம் இருக்கு. ஜூம்ல டீச்சர் பிரமாதமா பேசுவாங்க, பசங்க சிரிப்பாங்க, டெமோ கிளாஸ் பாத்தா நமக்கே சேரணும்னு இருக்கும். ஆனா எழுத்து மாறறது அந்த ஒரு மணி நேரத்துல கெடையாது, கிளாஸ் முடிஞ்சப்பறம் அந்த டீச்சர் தனியா உக்காந்து இவன் டிராஃப்ட்ட படிக்கற இருபது நிமிஷத்துல. அதனால கிளாஸ்ல எத்தன பேருன்னு கேளுங்க, அந்த டீச்சர் மொத்தம் எத்தன பசங்க எழுதறத படிக்கறாங்கன்னும் கேளுங்க, இது ரெண்டும் வேற வேற கணக்கு. 12 பேர் கிளாஸ் ஆறு எடுத்தா 72 எஸ்ஸே, ஒண்ணுக்கு இருபது நிமிஷம்னா 24 மணி நேரம், அத வாராவாரம் ஒரு மனுஷனால பண்ண முடியாது, எங்கயாவது கொறைப்பாங்க. வாரம் ஒரு எஸ்ஸேன்னு விளம்பரம் பண்ற இடத்த விட மூணு வாரத்துக்கு ஒரு எஸ்ஸே, ரெண்டு டிராஃப்ட்னு சொல்ற இடத்த நான் நம்புவேன். இன்னொரு சின்ன விஷயம், நிறைய இடத்துல டைம் ஈஸ்டர்ன்ல போட்டிருப்பாங்க, நாம சென்ட்ரல், மத்த கிளாஸோட மோதுதான்னு பாத்துக்கோங்க.

லைவே இல்லாம, அசைன்மென்ட்ட போட்டா டீச்சர் எழுத்துலயே பதில் குடுக்கற கோர்ஸும் உண்டு. ஜூலி போகார்ட் ஆரம்பிச்ச பிரேவ் ரைட்டர்ல சில வாரத்துலயே முடியற கிளாஸ் இருக்கு, டைம்ஃபோர்ரைட்டிங்ல எட்டு வாரத்துக்கு ஒரு கோர்ஸ். கூச்சப்படற பிள்ளைக்கு இந்த மாதிரி சில சமயம் லைவ விட நல்லா ஒத்துவரும். உங்களுக்கும் நான் சொல்றது இதுதான், முதல் தடவையே வருஷம் பூராவுக்கு கட்டாதீங்க. கோடைல ஒரு சின்ன கோர்ஸ் எடுங்க, வர கமெண்ட்டப் பாருங்க, அப்பறம் ஆகஸ்ட்ல பெருசா முடிவு பண்ணுங்க. வருஷ கோர்ஸ்தான்னா பணம் திருப்பி வாங்க கடைசி தேதி என்னன்னு பாருங்க, முதல் எஸ்ஸே கமெண்ட்டோட திரும்பி வர்றதுக்கு முன்னாடியே அந்த தேதி முடிஞ்சுதுன்னா எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்காது.

டூயல் கிரெடிட் டென்த்ல வேண்டாங்க. டெக்ஸாஸ்ல இங்கிலிஷ் 1301, 1302ன்னு காலேஜ் முதல் வருஷ ரைட்டிங் கோர்ஸ் ரெண்டும் ரொம்ப பெறுமானமுள்ளது, பாஸ் பண்ணினா இங்க இருக்கற எந்த ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கும் எடுத்துட்டு போகலாம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது காலேஜ் கிரேடு, 15 வயசுல வாங்கற சி அவன் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா உக்காந்துக்கும். சேர டிஎஸ்ஐஏன்னு காலேஜ் பாடத்துக்கு தயாரான்னு பாக்கற டெஸ்ட் கேப்பாங்க, அதுலயே ஒரு எஸ்ஸே இருக்கு. அப்பறம் ஃபெர்பான்னு ஒரு சட்டம், காலேஜ்ல சேந்தப்பறம் ரெக்கார்டு மேல உரிமை மாணவனுக்கு போயிடும், வயசு 16ஆ இருந்தாலும் சரி. நீங்க புரொஃபசருக்கு மெயில் போட்டு என் பையன் எப்படி பண்றான்னு கேட்டா பதில் வராது. என் டேபிளுக்கு வர ஹோம்ஸ்கூல் பசங்க அனேகமா நல்லாதான் எழுதுதுங்க, அதுங்க அடி வாங்கறது டெட்லைன்ல. வீட்ல அம்மா ரெண்டு நாள் தள்ளி குடுத்திருப்பாங்க, இங்க சிலபஸ்ல ராத்திரி 11:59ன்னா 11:59தான். ஆபீஸ் அவர்ஸ்னு புரொஃபசர் மாணவங்கள பாக்க ஒதுக்கற நேரம் ஒண்ணு இருக்கு, போய் கேக்கலாம்னே தெரியாம ஒரு பொண்ணு செமஸ்டர் பாதி வரைக்கும் தனியா தவிச்சுட்டு வந்து உக்காந்துச்சு. டென்த்ல வெளி டீச்சர்கிட்ட டெட்லைனுக்கு எழுதி பழகட்டும், லெவன்த் கடைசில இல்ல ட்வெல்த்ல 1301 எடுக்கட்டும்.

ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல்ல படிக்கற ஏபி கோர்ஸ்ல, இங்கிலிஷ் லாங்வேஜ் பத்தியும் கேட்டிருந்தீங்க. அதுவும் லெவன்த்துக்குதான். மே மாச பரீட்சைல 45 மல்டிபிள் சாய்ஸ் ஒரு மணி நேரம், அப்பறம் ரெண்டேகால் மணி நேரத்துல மூணு எஸ்ஸே, மார்க்குல 55 சதவீதம் அந்த எஸ்ஸேக்குதான். அது வேகமா யோசிச்சு எழுத நல்ல பயிற்சி, ஆனா எழுதினத பிரிச்சு போட்டு திரும்ப எழுதற பழக்கம் இல்லாதவன நேரா அதுல விட்டா ஃபார்முலாவ மட்டும் கத்துப்பான். டிரான்ஸ்கிரிப்ட்ல ஏபின்னு போடணும்னா அந்த கோர்ஸ் ஏபி நடத்தற காலேஜ் போர்டோட ஆடிட்ல அப்ரூவ் ஆகியிருக்கணும், பிஏ ஹோம்ஸ்கூலர்ஸ் மாதிரி இடத்துல ஏபி கிளாஸே ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு நடத்தறாங்க. கோர்ஸ் எடுக்காமலும் பரீட்ச எழுதலாம், ஆனா எழுத விடற ஸ்கூல நீங்கதான் தேடணும், பரீட்சைக்கு ஸ்கூல் ஆர்டர் பண்ற தேதி நவம்பர் நடுவுல முடிஞ்சிடும், அதனால ஆகஸ்ட்லயே ஃபோன் பண்ண ஆரம்பிச்சிடணும். காலேஜ்ல சேர எழுதற எஸ்ஏடி பரீட்சையோட எஸ்ஸேக்குன்னு யாராவது கோர்ஸ் வித்தா வாங்காதீங்க, 2021லேர்ந்து வழக்கமா சனிக்கிழம எழுதற எஸ்ஏடில அந்த எஸ்ஸேவே கெடையாது.

அக்ரெடிடேஷன், அதான் வெளி அமைப்போட அங்கீகாரம், இருக்கற இடமா பாக்கணுமான்னு ஒரு கேள்வி. நம்ம ஸ்டேட்ல அதுக்குன்னு கூட பணம் குடுக்க அவசியம் இல்ல. 1994ல டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் லீப்பர் கேஸ்ல சொன்ன தீர்ப்புப்படி வீட்டுப் பள்ளி ஒரு பிரைவேட் ஸ்கூல் மாதிரி, படிக்கறது, ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமகனா இருக்கறது, இந்த அஞ்சும் எழுத்து வடிவ பாடத்திட்டத்தோட சொல்லிக்குடுத்தா போதும். கிரெடிட் குடுக்கறதும் நீங்கதான், ஒரு கிரெடிட்டுக்கு சுமாரா 120 மணி நேரம்னு கணக்கு வைப்பாங்க. 12 வார ரைட்டிங் கோர்ஸோட நீங்க வீட்ல படிக்க வெக்கற நாவல், கவிதையெல்லாம் சேத்து இங்கிலிஷ் 10ன்னு ஒரு கிரெடிட்டா போட்டுக்கலாம். நியூயார்க், பென்சில்வேனியால இருக்கறவங்களுக்கு ரிப்போர்ட், போர்ட்ஃபோலியோன்னு வேற சட்டம், அவங்க தனியா பாக்கணும். செலவுக்கு 2026-27லேர்ந்து ஆரம்பிக்கற நம்ம ஸ்டேட்டோட எஜுகேஷன் சேவிங்ஸ் அக்கவுண்ட் பணம் கெடச்சா, வீட்ல படிக்கற பிள்ளைக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் வரைக்கும் வரும், ஆனா அந்த திட்டத்துல அனுமதி வாங்கின இடத்துலதான் செலவு பண்ண முடியும், அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

அக்ரெடிடேஷன விட பெரிய விஷயம் ஒண்ணு யாரும் முதல்ல சொல்றதில்ல, அது ரெகமெண்டேஷன் லெட்டர். பல காலேஜுக்கு ஒரே விண்ணப்பமா போடற காமன் ஆப்ல ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு கவுன்சலர் யாருன்னா நீங்கதான், ஸ்கூல் ரிப்போர்ட், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் நீங்க போடுவீங்க. அதனாலயே டீச்சர் லெட்டர் குடும்பத்துக்கு வெளில இருக்கற ஒருத்தர்கிட்டேர்ந்து வந்தாதான் அதுக்கு மதிப்பு, நிறைய காலேஜ் அதத்தான் எதிர்பாக்குது. ஒரு வருஷம் இவன் டிராஃப்ட்ட படிச்சு, இவன் கோவப்பட்டு திரும்ப எழுதினத பாத்த ஒரு ரைட்டிங் டீச்சர விட அத யார் நல்லா எழுதுவாங்க? என் பொண்ணுக்கு அப்படி ஒருத்தர் கெடைக்கல, ட்வெல்த்ல அலஞ்சோம். லெட்டர் குடுப்பீங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, தப்பா நெனைக்கமாட்டாங்க. காமன் ஆப்ல அவன் சொந்தமா எழுதவேண்டிய எஸ்ஸே 650 வார்த்தைக்குள்ள இருக்கணும், அதுக்குன்னு டென்த்ல எதுவும் பண்ண வேண்டாம், ஸ்பிரிங்க்ளர போய் பாத்துட்டு வந்து எழுதற பழக்கம் இருந்தா அது தானா வரும்.

ஏஐ பத்தியும் நேராவே கேக்கணும் இப்ப. பையன் அத எந்த அளவுக்கு தொடலாம்னு அவங்க ரூல் என்ன, அத விட முக்கியமா, கமெண்ட் எழுதறது மனுஷனா இல்ல மெஷினா. மெஷின் எழுதினத மேலோட்டமா பாத்துட்டு அனுப்பறாங்கன்னா அதுக்கு நீங்க பணம் கட்ட வேண்டாம். வீட்ல நான் வெச்சிருக்கற ஏற்பாடு, முதல் டிராஃப்ட் நோட்டுல கையால, அப்பறம் கூகுள் டாக்ஸ்ல டைப் பண்ணணும், வெர்ஷன் ஹிஸ்டரில எப்படி வளந்துச்சுன்னு பின்னாடி பாக்கலாம். வேவு பாக்கறதுக்காக இல்ல, அவனே தன் முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கட்டும்னுதான்.

வெளில குடுத்தப்பறம் உங்களுக்கு ஒரு கஷ்டமான வேல இருக்கு, கைய கட்டிக்கிட்டு இருக்கறது. அனுப்பறதுக்கு முன்னாடி குடு, அம்மா ஒரு தடவ பாக்கறேன்னு வாங்கி கமாவ சரி பண்ணி, ரெண்டு வாக்கியத்த அழகாக்கி அனுப்பினீங்கன்னா டீச்சர் படிக்கறது உங்க எழுத்த, அவனுக்கு எங்க வலிக்குதுன்னு அவங்களுக்கு தெரியாமலே போயிடும். பொண்ணுக்கு நான் அத பண்ணேன். வேணும்னா அவனையே சத்தமா படிக்க சொல்லி கேளுங்க, எங்க தடுக்கி நிக்கறானோ அங்க அவனே பேனா வெச்சு ஒரு கோடு போடுவான், நீங்க வாய தெறக்க வேண்டாம். கமெண்ட் வந்த அன்னிக்கி அதப்பத்தி பேசாதீங்க, ஒரு நாள் விடுங்க. மேத்ஸ் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப வலிக்கும், ஏன்னா அங்க விடை ஒண்ணு சரி, இல்லன்னா தப்பு, இங்க நல்லா இருக்கறதையே திரும்ப எழுதுன்னு சொல்றாங்க. ப்ரூஃப் எழுதறப்ப ஒவ்வொரு வரிக்கும் காரணம் குடுக்கறான்ல, அதேதான் இதுன்னு என் பையன்கிட்ட அந்த டீச்சர் சொன்னாங்க, அது அவன் மண்டைல நல்லா ஏறிச்சு.

இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. பாத்து வெச்சிருக்கற இடத்துக்கெல்லாம் ஒரே மெயில் அனுப்புங்க: டென்த் கிரேடு பையன், உங்க டீச்சர் கமெண்ட் போட்ட ஒரு எஸ்ஸே, பேர எடுத்துட்டு எனக்கு அனுப்ப முடியுமா, முதல் டிராஃப்ட்டும் ரெண்டாவது டிராஃப்ட்டும் சேந்து வேணும்னு. சில பேர் பதில் போடமாட்டாங்க, சில பேர் அழகான பிரோஷர் அனுப்புவாங்க, ரெண்டு மூணு பேர் நெஜமாவே அனுப்புவாங்க. வந்தத நீங்க படிச்சிட்டு பையன் கையில குடுத்துடுங்க, எந்த இடம்னு சொல்லாம. இதுல யாரு சொல்றது உனக்கு புரியுது, யாருக்கு நீ திரும்ப எழுதி அனுப்புவன்னு கேளுங்க, அவன் கை காட்டற இடத்துல கோடைக்கு ஒரு சின்ன கோர்ஸ் போட்டு பாருங்க. ஜூலைல முதல் கமெண்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, ஆகஸ்ட்ல என்ன பண்றதுன்னு அத வெச்சு சேந்து பாக்கலாம்.